இடாப்பில் எத்தனை வெள்ளவத்தை

காலி வீதியிலிருந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கடற்கரைக்கு இறங்கும் வெள்ளவத்தை பூகோளப் படத்தில் ஓரிடமே ஆயினும், அங்குள்ள பழைய மாணவர் சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும், தொடர்மாடி நிர்வாகக் குழுக்களும் ஆண்டாண்டாகப் பேணிவரும் அங்கத்தவர் இடாப்புகளைப் புரட்டுவோர்க்கு அது ஏழெட்டு ஊர்களாகக் காட்சியளிக்கும். ‘வெள்ளவத்தை’ என ஒருவர் எழுத, சிங்கள உச்சரிப்பைத் தழுவி ‘வெள்ளவத்த’ என்று இன்னொருவர் எழுதுவார். ஊர்ப்பெயரை விடுத்துக் ‘கொழும்பு 6’ என்று முடிப்பாரும், ‘கொழும்பு-06’ எனக் கோடும் பூச்சியமும் சேர்ப்பாரும், ‘கொழும்பு ஆறு’ என எழுத்தாலேயே எழுதுவாரும் உளர். தெற்கே கல்கிசைக்குப் போனால் நிலைமை இன்னும் விநோதமாகும்: கல்கிசை, கல்கிஸ்ஸை, கல்கிஸ்ஸ, மவுண்ட் லவீனியா, மவுன்ட் லவினியா ஆகிய ஐந்தும் ஒரே கடற்கரையைக் குறிப்பன. தபாற்காரர் இவற்றுள் எதைக் கண்டாலும் தயங்காமல் உரிய வாசலில் கடிதத்தைச் சேர்த்துவிடுவார். கணினிக்கோ எழுத்து வேறானால் ஊரும் வேறு; ‘கல்கிசையில் நமது அங்கத்தவர் எத்தனை பேர்?’ என்று காரியதரிசி கேட்டால், அது ஐந்து விடைகளைத் தனித்தனியே நீட்டும்.

இவ்வாறான இடாப்புகளைச் சீர்செய்வதற்கு முற்காலத்தில் ஒரு லிகிதரும், ஒரு சிவப்பு மைப் பேனாவும், பல மாதப் பொறுமையும் வேண்டியிருந்தன. இக்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் தரவுச்சட்டகம் எனப்படும் அமைப்பைக் கொண்டு செய்கிறார்கள். நிரைகளும் நிரல்களும் உடைய அட்டவணை ஒன்றைக் கணினியின் ஞாபகத்தில் ஏற்றி வைத்தல் என்பதே அதன் சாரம். தோற்றத்தில் எக்செல் தாளுக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை. பேதம் பிரயோகத்திலேதான் இருக்கிறது. எக்செல் தாளில் பெரும்பாலானோர் கட்டம் கட்டமாகச் சென்று திருத்துவர். தரவுச்சட்டகத்திலோ நிரல் முழுவதற்கும் ஒரே கட்டளை, அதுவும் எழுத்தில் வரைந்து வைத்த கட்டளை, ஆதலால் நேற்று என்ன செய்தோம் என்பதை இன்று வாசித்தறியலாம், அடுத்த ஆண்டின் இடாப்புக்கும் அதையே மறுபடி ஏவலாம்.

பெல் ஆய்வுகூடத்தில் உருவான எஸ் என்னும் புள்ளிவிபர மொழியிலும், அதன் வழிவந்த ஆர் மொழியிலும் இக்கருத்து முன்னரே வழங்கியது. பைத்தன் மொழிக்கு அதைக் கொண்டுவந்த பாண்டாஸ் என்னும் மென்பொருட்தொகுதியை, ஏகியூஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தில் கடமையாற்றிய வெஸ் மக்கின்னி என்பவர் 2008 ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். அவருக்கு வேண்டியிருந்தவை விலைகளும் தேதிகளும். பெயரும் முகவரியும் அத்தொகுதிக்குள் விருந்தாளிகளாகவே நுழைந்தன. 2020 ஜனவரியில் வெளியான 1.0 ஆம் பதிப்பு வரையில் எழுத்து நிரலுக்கென்று தனி இனம்கூட அதில் இருக்கவில்லை. ‘ஒப்ஜெக்ட்’ என்னும் பொதுப் பெயரின் கீழ் வேறு பலவற்றோடு கலந்தே அது கிடந்தது. எண்களின் பொருட்டுப் பிறந்த கருவியில் எழுத்தைக் கையாள்கிறோம் என்ற நினைவு, இதைப் பயில்வோர்க்கு எப்போதும் இருக்கத் தக்கது.

முதலிற் செய்யவேண்டிய காரியம் திருத்தமே அன்று, பார்வையிடல். ஒரு நிரலிலுள்ள வெவ்வேறு வடிவங்களையும், ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகின்றது என்பதையும் வரிசைப்படுத்திக் காட்டும் கட்டளை ஒன்று பாண்டாஸில் உண்டு. அதை ஏவி, வரும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை கண்ணால் வாசிக்க வேண்டும். பட்டியலின் தலைப்பகுதியில் எல்லாரும் எழுதும் வடிவங்களும், வாற்பகுதியில் ஒருவரே எழுதிய அபூர்வங்களும் நிற்கும். நோய் பெரும்பாலும் வாலிலேதான். அதன் பின்னரே ஸ்ட்ரிப் என்னும் கட்டளையால் முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடங்களை நீக்குதலும், ரிப்ளேஸ் என்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுதலும், ஸ்ப்ளிட் என்பதால் காற்புள்ளி உள்ள இடங்களில் முகவரியை வெட்டி இலக்கம், வீதி, ஊர் எனத் தனி நிரல்களாக்குதலும் முறைப்படி நடைபெற வேண்டும்.

இங்கே முதலாவது பொறி காத்திருக்கிறது. கோட்டைப் பகுதியான கொழும்பு 1 இல் உள்ளவர்களை மட்டும் தெரிந்தெடுக்க விரும்பிய ஒருவர், முகவரியில் ‘கொழும்பு 1’ என்னும் தொடர் அடங்கியிருக்கிறதா என்று கேட்டால், கொட்டாஞ்சேனையிலுள்ள கொழும்பு 13 காரரும், முகத்துவாரத்துக் கொழும்பு 15 காரரும், 10 முதல் 15 வரையிலான பிரிவுகள் அனைத்திலும் வசிப்போரும் திரண்டு வந்துவிடுவர். ஏனெனில் அவர்கள் எல்லாருடைய முகவரியிலும் அத்தொடர் உண்மையாகவே அடங்கியிருக்கிறது. ஒன்றுக்குப் பின் வேறு இலக்கம் வரக்கூடாது என்று சொல்லும் வழி வேண்டும். அதற்கு உதவுவதே ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் கோலக்குறி: கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950 களில் வகுத்த சித்தாந்தத்தை, 1968 இல் கென் தொம்சன் கணினித் தேடலுக்குப் பொருத்தினார். ‘கொழும்பு என்ற சொல், பின் இடைவெளியோ கோடோ இருக்கலாம், பின் பூச்சியம் இருக்கலாம், பின் ஓரிலக்கமோ ஈரிலக்கமோ’ என்று இக்குறிகளால் எழுதி, எக்ஸ்ட்ராக்ட் என்னும் கட்டளையிடம் கொடுத்தால், 6, 06, -06 ஆகிய மூன்றிலிருந்தும் ஆறு என்பதைப் பிரித்துத் தனி நிரலில் வைத்துவிடும். கல்கிசைக்காரர்க்கு அந்நிரலில் வெறுமையே கிடைக்கும்; தெஹிவளை–கல்கிசை தனி மாநகரசபை, கொழும்பின் பதினைந்து தபாற் பிரிவுகளுள் அது சேராது.

கோலக்குறியின் வல்லமைக்கு ஒரு விலையும் உண்டு. அதில் புள்ளி என்பது புள்ளியைக் குறிக்காது. ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்பதைக் குறிக்கும். பெயருக்கு முன் தந்தையின் பெயர் முதலெழுத்தையும் புள்ளியையும் இடும் நம்மவர்க்கு இது பெரிய அபாயம். ‘கா.’ என்னும் முதலெழுத்தை நிரலிலிருந்து அகற்ற எண்ணி, அதைக் கோலக்குறியாகவே கொடுத்துவிட்டால், காசிநாதன் என்னும் அப்பாவி மனிதர் தமது ‘கா’வையும் அதன் பின்வந்த ‘ச’வையும் இழந்து, தலையற்ற ஓர் இகரக்குறியோடு ‘நாதன்’ ஆகி நிற்பார். பாண்டாஸின் ரிப்ளேஸ் கட்டளை நெடுங்காலம் கொடுத்ததைக் கோலக்குறியாகவே கொண்டது. 2023 இல் வந்த 2.0 ஆம் பதிப்பில் அவ்வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். தேடும் கட்டளையாகிய கன்டெய்ன்ஸ் மட்டும் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. ஒரே வீட்டில் இரு சட்டம் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன சொல்வது!

எழுத்தைப் போல எண்ணும் வேடமிட்டு வருவதுண்டு. வெள்ளவத்தையின் தபாற் குறியீடு 00600, கொட்டாஞ்சேனையினது 01300. இவற்றைத் தாங்கிய கோப்பைக் கணினியிடம் சாதாரணமாகக் கொடுத்தால், இவை எண்கள் என்று அது தானே தீர்மானித்து, முன்னுள்ள பூச்சியங்களைப் பயனற்றவை எனத் தள்ளி, 600 என்றும் 1300 என்றும் எழுதிக்கொள்ளும். கல்கிசையின் 10370 மாத்திரம் சேதமின்றித் தப்பும். 011 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கங்களின் கதியும் இதுவே. கூட்டவும் கழிக்கவும் இடந்தராத இலக்கம் எண்ணன்று, பெயர்; ஆகவே கோப்பை வாசிக்கும் கணத்திலேயே ‘இந்நிரல் எழுத்து’ என்று சொல்லிவிடுதல் வேண்டும். பின்னர் சொல்வது பயன்படாது, ஏனெனில் விழுந்த பூச்சியம் எத்தனை என்பதைக் கணினி நினைவில் வைத்திருப்பதில்லை.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இவ்விஷயத்தில் ஒரு பாடப்புத்தகத்துக்கு ஒப்பானது. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் வழிவந்த பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும், ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்தொன்றும் இருக்கும்; 2016 முதல் வழங்கும் புதியதில் எழுத்தின்றிப் பன்னிரண்டு இலக்கங்கள். பழையதன் முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டின் பிற்பாதி. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். சாதாரண ஆண்டிலும் பெப்ரவரி 29 க்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடும் முறை இதில் உண்டு. எனவே மார்ச் முதலாந் தேதி எந்த ஆண்டிலும் 61 தான். பழைய இலக்கத்தைப் புதியதாக்குவதற்கு முன்னே 19 ஐயும், நாளைக் குறிக்கும் மூன்றிலக்கத்தின் பின்னே ஒரு பூச்சியத்தையும் சேர்த்து, கடைசி ஆங்கில எழுத்தை நீக்கினாற் போதும். எழுத்து நிரலைத் துண்டாக்கி மீண்டும் ஒட்டும் மூன்று சிறு கட்டளைகளில் இது முடிந்துவிடும். ஆனால் இந்நிரலை எண்ணாக வாசித்தவரின் நிலை பரிதாபத்துக்குரியது: எக்செல் அப்பன்னிரண்டு இலக்கத்தையும் விஞ்ஞானிகள் எழுதும் சுருக்கவடிவில் காட்டும், பாண்டாஸோ, நிரலில் ஒரு கட்டம் வெறுமையாயிருந்தாலும் முழு நிரலையும் தசம எண்ணாக்கி, ஒவ்வோர் அட்டை இலக்கத்தின் வாலிலும் ‘புள்ளி பூச்சியம்’ ஒட்டிவிடும். பிறந்த தினத்தையும் பாலையும் வெளியிடும் ஓர் இலக்கத்தை ஆலய அன்னதான இடாப்பில் எதற்காக எழுதி வைக்கிறார்கள் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அக்கேள்வி கூர்மையடைந்திருக்கிறது.

இதுவரை கூறியவை எம்மொழி இடாப்புக்கும் பொருந்தும். தமிழ் எழுத்தே நிரலில் அமரும்போது எழும் சிக்கல்கள் வேறு வகையின. அவற்றைப் பற்றி ஆங்கிலப் பாடநூல்கள் மௌனம் சாதிக்கும்.

‘கொழும்பு’ என்பதில் எத்தனை எழுத்து என்று பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், கொ, ழு, ம், பு என விரல்மடக்கி நான்கு என்னும். பாண்டாஸ் எட்டு என்னும். 1991 இல் வெளியான யுனிகோட் முறையில், அகரமேறியது தவிர ஏனைய உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. மெய்யின் அகரவடிவம் ஒன்று, அதன்மேல் ஏறும் குறி ஒன்று என இரண்டாகவே அது சேமிக்கப்படும், புள்ளியும் ஒரு குறியாகவே எண்ணப்படும். இதனால் விளையும் தொல்லை எண்ணிக்கையோடு நிற்பதில்லை. ஒரு நிரலிலுள்ள பெயர்களின் முதலெழுத்தை எடுத்துத் தருக என்று கட்டளையிட்டால், கார்த்திகேசு என்பதிலிருந்து ‘கா’ வராது, ‘க’ மட்டுமே வரும், பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒரே கட்டளையில் க. சிவத்தம்பி ஆகிவிடுவார். அதனினும் விபரீதமான ஒன்று, பைத்தன் மொழியின் கோலக்குறிகளுள் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்னும் குறியிலே நேர்கிறது. ஆங்கில எழுத்துக்களையும், நமது தனி உயிர்களையும், அகரமேறிய மெய்களையும் சொல்லுக்குரியவை என ஏற்கும் அக்குறி, கொம்பையும் காலையும் சுழியையும் புள்ளியையும் ஏற்பதில்லை. ஆகவே ‘கொழும்பு’ என்பதைச் சொல் சொல்லாகப் பிரிக்கும்படி கேட்டால், க, ழ, ம, ப என நான்கு மொட்டை எழுத்துக்கள் நான்கு சொற்களாக வந்து விழும். இக்குறியை நம்பித் தமிழ்ச் சொற்களை எண்ணிய ஆய்வு எதையும் மறுபடி எண்ணிப் பார்த்தல் நலம். முத்து அண்ணாமலை முதலியோர் ஆக்கிய ஓப்பன் தமிழ் என்னும் பைத்தன் தொகுதி எழுத்தை எழுத்தாகவே பிரித்துத் தரும். அதை நிரலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏவச் செய்வதே இதற்குத் தக்க பரிகாரம்.

கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் இருப்பது மற்றொரு வகை. ‘கொ’ என்பதிலுள்ள குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம்; திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோலவே தெரியும். முதல்வகைக் ‘கொழும்பு’ எட்டு, இரண்டாம்வகைக் ‘கொழும்பு’ ஒன்பது. எனவே காரியதரிசியின் பட்டியலில் கொட்டாஞ்சேனை இருமுறை, வேறு வேறு தொகையுடன் வரும்போது, அவர் எவ்வளவு உற்று நோக்கியும் பேதம் காணமாட்டார். நோர்மலைஸ் என்னும் கட்டளை இரண்டையும் ஒரே வடிவாக்கும். தமிழ் நிரல் எதற்கும் இதைத் தலைக்கட்டளையாக வைத்துக்கொள்வது நன்று. இணையத்திலிருந்து ஒட்டிய எழுத்தோடு அகலமற்ற வெற்றிடக் குறிகளும் சில வேளை ஒட்டிவரும். அவை ஸ்ட்ரிப்புக்கு அகப்படா, பெயர் சொல்லியே நீக்கவேண்டும்.

பாமினியை அறியாத இலங்கைத் தமிழ்க் கந்தோர் ஏது? அவ்வெழுத்துருவில் பல்லாண்டு தட்டெழுதிய கோப்புகள் இன்னும் அலுமாரிகளில் உள. திரையிலே ‘தமிழ்’ என்று தோன்றும் சொல், கோப்பின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். தமிழ் என்பது எழுத்துருவின் தோற்றத்தில் மட்டுமே இருந்தது. அந்நிரலைத் தரவுச்சட்டகத்தில் ஏற்றினால் வேஷம் கலைந்து ஆங்கிலக் குழப்பமே தெரியும். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஈடான தமிழெழுத்தை வைத்து மாற்றிவிடலாமே எனத் தோன்றும். ஆயின் பாமினியில் கொம்பு மெய்யின் முன்னே தட்டப்படும், யுனிகோட்டில் மெய்யின் பின்னே வைக்கப்படும். எனவே ஈடு வைப்பதோடு இடமும் மாற்ற வேண்டும். அன்றியும் நீண்ட தொடர்களை முதலிலும் தனிக்குறிகளை இறுதியிலும் மாற்றாவிட்டால், ‘கோ’வின் கொம்பைப் பிறிதொரு விதி முந்திக்கொண்டு தின்றுவிடும். இதே நிரலில் சிலர் யுனிகோட்டில் தட்டெழுதியிருந்தால், எந்தக் கட்டம் எவ்வகை என முன்னரே பிரித்துக்கொள்வதும் அவசியம்.

அகரவரிசையும் நாம் அறிந்த அகரவரிசையாக இராது. யுனிகோட் அட்டவணையில் ‘ன’ ‘ந’வின் பின்னும், ‘ற’ ‘ர’வின் பின்னும், ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்னும் வைக்கப்பட்டிருப்பதால், வரிசைப்படுத்துக என்று மட்டும் சொன்னால் பறவை பலகைக்கு முன் வந்து நிற்கும். நமது நெடுங்கணக்கின் முறையைத் தனிப் பட்டியலாகக் கொடுத்து, அதன்படி வரிசைப்படுத்தச் சொன்னால் இணங்கும்.

இவை யாவும் பொறியின் குறைகள், அறிந்தால் நீக்கலாம். விளக்கமும் விவேகமும் வேண்டப்படும் இடம் இதன் பிறகே வருகிறது. முகத்துவாரம், மோதறை, முட்வால் மூன்றும் ஒன்றே. மட்டக்குளியும் அதே கொழும்பு 15 இல் இருப்பினும் அது வேறு. கொச்சிக்கடை என்ற பெயரில் அந்தோனியார் திருத்தலம் உள்ள கொழும்பு 13 கொச்சிக்கடையும் உண்டு, நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள கொச்சிக்கடையும் உண்டு. ஊர்ப்பெயரை மாத்திரம் கண்டு ஒன்றாக்கிய இடாப்பு, ஒருவரின் திருமண அழைப்பிதழை இருபத்தைந்து மைலுக்கு அப்பால் அனுப்பிவைக்கும். டூப்ளிகேஷன் வீதியும் ஆர். ஏ. டி மெல் மாவத்தையும் ஒரே வீதி என்பதை எந்தக் கோலக்குறியும் கண்டுபிடிக்காது. அவ்வீதியில் நடந்த ஒருவர்தான் சொல்லவேண்டும்.

நூற்பட்டியல்களில் இது இன்னும் நுண்மையான விஷயமாகும். 1942 இல் தோன்றி வெள்ளவத்தையில் நிலைபெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தைப் போன்ற நிறுவனங்களின் நூலகங்களும், 2005 இல் தொடங்கி ஈழத்து நூல்களை மின்வடிவில் தொகுத்துவரும் நூலகம் திட்டமும் நமக்கு வைத்திருக்கும் செல்வத்தை நினைத்துப் பார்த்தால், ஆசிரியர் பெயர் என்னும் ஒரு நிரல் எவ்வளவு பாரத்தைச் சுமக்கின்றது என்பது விளங்கும். எஸ். பொன்னுத்துரை, எஸ். பொன்னுதுரை, எஸ்.பொ. என்பன ஒருவரே, கார்த்திகேசு சிவத்தம்பியும், கா. சிவத்தம்பியும், பேராசிரியர் சிவத்தம்பியும் ஒருவரே. தேடுவோர் ஒன்றைத் தட்டினால் மற்றவையும் வரவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூலின் முகப்பில் எஸ்.பொ. என்றே அச்சிட்டிருக்க, அதை அழித்து முழுப்பெயராக்குவது சீர்திருத்தம் ஆகுமா? அவர் தாமே தேர்ந்த பெயரை, வரிசை அழகின் பொருட்டு லிகிதர் மாற்றுவது என் அபிப்பிராயத்தில் வரம்பு மீறலே.

டொமினிக் ஜீவாவின் மல்லிகை இதற்கு இன்னும் தெளிவான திருஷ்டாந்தம். 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அச்சஞ்சிகை, பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. அதன் இதழ்களை ஓர் அட்டவணையில் வைத்து, வெளியீட்டிடம் என்னும் நிரலைப் பார்த்தால், மேற்பாதியில் யாழ்ப்பாணமும் கீழ்ப்பாதியில் கொழும்பும் இருக்கும். ஒரே சஞ்சிகைக்கு ஒரே இடம் இருப்பதுதான் ஒழுங்கு என்று கருதும் ஓர் ஆர்வலர், அதிக முறை வந்த பெயரை எல்லாக் கட்டத்திலும் நிரப்பிவிட ஒரு வரிக் கட்டளை போதும். அதனால் அழிவது எழுத்துப்பிழையன்று, யுத்த காலத்தில் ஓர் இலக்கியக்காரர் தமது பத்திரிகையோடு ஊர்விட்டு ஊர் வந்த சரித்திரம். ‘கொழும்பு 6’ க்கும் ‘கொழும்பு-06’ க்கும் இடையேயுள்ள வேற்றுமை கையின் வேற்றுமை. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்பு 13 க்கும் இடையேயுள்ளது உலகத்தின் வேற்றுமை. நிரலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே அனுபவசாலிகள் மூல நிரலைத் தொடுவதில்லை. அதன் பக்கத்தில் ‘சீர்செய்த ஊர்’ என்றோ ‘தேடற்பெயர்’ என்றோ புதிய நிரலொன்றை உண்டாக்கி, மாற்றங்களையெல்லாம் அதிலேயே செய்வர். எவ்வடிவம் எவ்வடிவாக மாறியது என்பதைக் கட்டளைகளுக்குள் புதைக்காமல் இரு நிரல்கொண்ட தனிப் பட்டியலாக வைத்து, முகத்துவாரத்தைப் பற்றி முகத்துவாரத்தாரும், எழுத்தாளர் பெயரைப் பற்றி நூலகரும் வாசித்துத் திருத்த இடமளிப்பர். பட்டியலில் இல்லாத புதிய வடிவம் வந்தால் அதை ஊகித்து மாற்றாமல், வெறுமையாக விட்டுத் தனியே எடுத்துக் காட்டும்படி கட்டளை எழுதுவர். இதற்கு இடம் போதாது என்று சொல்வதற்கும் வழியில்லை: ஐயாயிரம் தமிழ் முகவரிகளைத் தாங்கிய ஒரு நிரல், கல்கிசைக் கடற்கரையில் கைத்தொலைபேசியால் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் பிடிக்கும் இடத்தைக்கூடப் பிடிப்பதில்லை.